இயந்திரத்தைப் போல வாசிக்கக் கற்றவர்கள்: 'த றூட்ஸ்' குழுவின் இசைத்தட்டுப் பயணம்

ஹிப்ஹொப்பில் 'வாத்தியக் குழு' என்பதே ஆரம்பத்தில் கொஞ்சம் விசித்திரமான விடயம். பழைய இசைத்தட்டு ஒன்றிலிருந்து சில விநாடிகளை வெட்டி எடுத்து, சம்ப்ளர் கருவியில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் ராப் சொல்வதுதான் அங்கே வழமை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கலைப் பாடசாலை ஒன்றில் சந்தித்த இரண்டு மாணவர்கள் 1987இல் வேறு வழியில் தொடங்கினார்கள். ஒருவர் 'பிளாக் தோட்' என்ற பெயரில் ராப் சொல்லும் தாரிக் ட்ரொட்டர். மற்றவர் 'குவெஸ்ட்லவ்' என்று அறியப்படும் ட்ரம்ஸ் கலைஞர் அமீர் தொம்சன். குவெஸ்ட்லவ்வின் தந்தை லீ அன்ட்ரூஸ் ஐம்பதுகளில் பெயர்பெற்ற பாடகர். எனவே மகனுக்கு மேடை சின்ன வயதிலேயே பழகிய இடம். இருவரும் நகரின் சவுத் ஸ்ட்ரீட் நடைபாதையில் வாசித்துத்தான் ஆட்களைச் சேர்த்தார்கள்.

முதல் தொகுப்பான 'ஓர்கனிக்ஸ்' 1993இல் வந்தது. ஜேர்மனிக்கு நிகழ்ச்சிக்குப் போகும்போது கையில் விற்க ஏதாவது வேண்டும் என்று சொந்தமாக வெளியிட்ட தட்டு அது. அதன் பிறகு ஜெஃபன் நிறுவனத்தின் ஒப்பந்தம் கிடைத்தது. 1995 ஜனவரியில் வெளியான 'டூ யூ வோண்ட் மோர்' தொகுப்பில் லெனார்ட் ஹப்பார்டின் பேஸ் கிற்றார், மாலிக் பியின் ராப், வாயாலேயே தாளம் போடும் ராசெல் எல்லாம் உண்டு. ஜாஸ் இசையில் பேக்பைப் வாசித்த ரூஃபஸ் ஹார்லியைக்கூட அழைத்து வந்திருந்தார்கள். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனை அந்த அளவுக்கு இல்லை.

மேடையில் இவர்களை வெல்ல ஆளில்லை என்பது சீக்கிரமே ஊரறிந்த கதையாகிவிட்டது. ஆனால், இசைத்தட்டு வேறு விடயம். ராப் ரசிகரின் காது அதே தாளம், அதே கனத்தில், அதே தூசி படிந்த சத்தத்துடன் சுழன்று வருவதற்குப் பழகியிருந்தது. மனிதன் அடிக்கும் ட்ரம்ஸ் அப்படி இராது. 1996இல் வந்த 'இல்லடெல்ஃப் ஹாஃப்லைஃப்' தொகுப்பில் குவெஸ்ட்லவ் அலங்காரங்களைக் குறைத்து, தன் வாசிப்பையே வெட்டி ஒட்டிய துண்டு போல ஒலிக்கவைக்க முயன்றார். 'நிஜமான இசை' என்று இவர்களைப் புகழ்ந்து ஏனைய ராப் இசையைத் தாழ்த்துபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இவர்கள் இயந்திரத்தை மறுத்தவர்கள் இல்லை. அதனிடம் பாடம் கேட்டவர்கள்.

அந்தப் பாடம் முழுமையாகக் கைகூடியது 1999 பெப்ரவரியில் வெளியான 'திங்ஸ் ஃபோல் அபார்ட்'டில். சினுவா அச்செபேயின் நாவலின் பெயர் அது. என். கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் 'சிதைவுகள்' என்று தமிழில் வந்த அதே நாவல். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் நியூயோர்க்கில் அமைத்த எலெக்ட்ரிக் லேடி ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த நாட்களில் டி'ஏஞ்சலோ, கொமன் ஆகியோரின் தொகுப்புகளும் உருவாகிக்கொண்டிருந்தன. ஆட்கள் ஒருவர் பதிவுக்குள் மற்றவர் நுழைந்து வாசித்தார்கள். டெட்ரொய்ட்டைச் சேர்ந்த ஜே டில்லா, இயந்திரத் தாளத்தையே வேண்டுமென்று சற்றுப் பிந்தவும் தள்ளாடவும் வைப்பவர். துல்லியமாக அடிக்கப் பழகிய குவெஸ்ட்லவ், அவரைக் கேட்டுத் துல்லியத்தைக் கைவிடப் பழகினார். தொகுப்பு தொடங்குவதோ, கறுப்பின மக்கள் ஜாஸ் கேட்க ஏன் வருவதில்லை என்று இருவர் சண்டைபிடிக்கும் ஒரு திரைப்பட உரையாடலுடன். தங்கள் நிகழ்ச்சிகளுக்கு யார் வருகிறார்கள் என்ற கேள்வி இந்தக் குழுவையும் உறுத்தியிருக்க வேண்டும்.

அதில் வந்த 'யூ கொட் மீ' பாடல் கிராமி விருது பெற்றது. அதன் பல்லவியை எழுதியவர் அப்போது பெயர் தெரியாத ஜில் ஸ்கொட். தட்டு நிறுவனம் பிரபலமான குரலைக் கேட்டதால் எரிக்கா பாடு பாடினார். அதே ஆண்டு வந்த மேடைப் பதிவில் ஸ்கொட்டின் குரலிலேயே அதைக் கேட்கலாம். எனக்கு இதுதான் பிடிக்கும்.

2001இல் ஜே-ஸீயின் 'அன்பிளக்ட்' நிகழ்ச்சிக்குப் பின்னணி வாசித்தார்கள். 2002இல் ரொக் பக்கம் சாய்ந்த 'ஃபிரெனொலொஜி', 2004இல் சற்றே தயக்கமான 'த டிப்பிங் பொயின்ட்', பிறகு டெஃப் ஜாம் நிறுவனத்துக்கு மாறி 2006இலும் 2008இலும் இருண்ட, கோபமான இரண்டு தொகுப்புகள்.

பெரிய குழுவொன்றைக் கட்டி மேய்க்கத் தட்டு விற்பனை போதாது. வருடம் முழுதும் பயணம் செய்துதான் சமாளித்தார்கள். 2009 மார்ச்சில் ஜிம்மி ஃபாலனின் இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு நிரந்தர வாத்தியக் குழுவானபோது, இவர்கள் கதை முடிந்தது என்றவர்கள் பலர். நடந்தது மறுவளம். மாதச் சம்பளம் வந்ததும் வானொலிக்கேற்ற பாட்டு தேவைப்படவில்லை. 2010இல் 'ஹவ் ஐ கொட் ஓவர்', ஜோன் லெஜென்டுடன் பழைய சோல் பாடல்களை மீளப் பாடிய 'வேக் அப்', 2011இல் 'அன்டன்', 2013இல் எல்விஸ் கொஸ்டெல்லோவுடன் ஒரு தொகுப்பு, 2014இல் அரை மணித்தியாலத்தைச் சற்றே தாண்டும் 'அன்ட் தென் யூ ஷூட் யுவர் கசின்' என வரிசையாக வந்தன.

அதன்பின் குழுவின் பெயரில் புதிய தொகுப்பு இல்லை. நீண்டகால முகாமையாளர் ரிச்சர்ட் நிக்கொல்ஸ் 2014இல் இறந்தார். மாலிக் பி 2020இலும், ஹப்பார்ட் 2021இலும் போய்விட்டார்கள். குவெஸ்ட்லவ் ஆவணப்படம் இயக்கி 2022இல் ஒஸ்கார் வாங்கினார்.

புதிதாகக் கேட்பவர்கள் 'அன்டன்'னிலிருந்து தொடங்கலாம். ரெட்ஃபர்ட் ஸ்டீவன்ஸ் என்ற கற்பனை இளைஞனின் வாழ்க்கை அதில் மரணத்திலிருந்து பின்னோக்கி நகர்கிறது. முடிவில் ராப் ஓய்ந்து, வாத்திய இசை மட்டும் நான்கு சிறு துண்டுகளாக மிஞ்சுகிறது.