சுவரைப் பூசுவதற்கு முன்: வாவிக்கரை வீடுகளில் இணைய வயரிங்

மட்டக்களப்பில் ஒரு வீட்டை ஒரே தடவையில் கட்டி முடித்தவர்கள் குறைவு. 1978 சூறாவளிக்குப் பிறகு கூரை, 2004 சுனாமிக்குப் பிறகு சுவர், 2007இல் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து திரும்பிய பிறகு கதவும் யன்னலும் என்று கட்டியவற்றையே திரும்பத் திரும்பக் கட்டியிருக்கிறோம். இன்றும் வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசில் வீடுகள் திருத்தப்படுகின்றன. அந்த வேலையோடு இணைய வயரிங்கையும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்பதை, கல்லடியில் எங்கள் வீட்டைத் திருத்தியபோது பிழைவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

மின்சாரத்துக்கு மட்டும் குழாய் பதித்துப் பூசி முடித்தோம். ரவுட்டர் முன் விறாந்தையில். அம்மாவின் அறையோ இரண்டு சுவருக்கும் ஒரு கொங்கிரீட் பீமுக்கும் பின்னால். கனடாவிலிருந்து அண்ணன் வீடியோவில் எடுத்தால் பாதியில் உறைந்துவிடும். “அண்ணன்ட முகம் நிண்டுபோச்சு மனே” என்பார். கடைசியில் புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரை மறுபடி வெட்டினோம்.

எங்கே வேண்டும்?

முதலில் வீட்டின் படத்தைத் தாளில் வரையுங்கள். பிள்ளை படிக்கும் மேசை, தொலைக்காட்சி, வயதானவர் இருக்கும் அறை, கண்காணிப்புக் கமரா ஆகிய இடங்களைக் குறியுங்கள். வீட்டின் நடுவில் ஒரு இடத்தைத் தெரிந்து, எல்லாக் கேபிள்களையும் அங்கே கொண்டுவந்து சேருங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தனிக் கேபிள் போக வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொடுக்கக் கூடாது. வைபை வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும். பின்னறைக்குக் கேபிள் போனால் அங்கே இன்னொரு வைபைப் பெட்டி வைக்கலாம்.

எந்தக் கேபிள்?

வீட்டுக்குக் கேட் 6 போதும். 100 மீற்றர் வரை செக்கனுக்கு ஒரு ஜிகாபிற் வேகம் தாங்கும். மலிவாகக் கிடைப்பவற்றில் சில, செம்பு பூசிய அலுமினியம். கம்பியின் மேற்பரப்பை பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளையாக இருந்தால் வாங்க வேண்டாம். அது எளிதில் முறியும்.

230 வோல்ற் மின்வயரோடு ஒரே குழாயில் இதைப் போடவே கூடாது. பக்கத்தில் சமாந்தரமாக ஓடினால் ஓர் அடி இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்க வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்க வேண்டும். வளைவுகளைக் கூர்மையாக மடிக்காதீர்கள்.

கையில் காசில்லையா? கேபிளைப் பிறகு வாங்கலாம். வெறும் குழாயை மட்டும் பதித்து, உள்ளே ஒரு நைலோன் கயிற்றை விட்டுவையுங்கள். பின்பு அந்தக் கயிற்றில் கட்டிக் கேபிளை இழுக்கலாம். அதிகம் செலவில்லாத இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் எங்கள் சுவர் தப்பியிருக்கும்.

தண்ணீர், உப்பு, மின்னல்

2011 ஜனவரி வெள்ளம் உங்கள் வீட்டில் எவ்வளவு உயரத்துக்கு ஏறியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். சொக்கற்றுகளும் ரவுட்டரும் அதற்கு மேலே இருக்கட்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள வீடுகளில் உப்புக் காற்றால் செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். மூடியுள்ள சொக்கற்றுகளே நல்லது. பக்கத்துக் கட்டடத்துக்கு வெளியால் இணைப்புக் கொடுப்பதென்றால், உலோகம் கலக்காத பைபர் கேபிளே பாதுகாப்பு. செம்புக் கேபிள் மின்னலின் பாய்ச்சலை வீட்டுக்குள் கொண்டுவரும். இடி முழங்கும் நாளில் மின்பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, வெளியிலிருந்து வரும் செம்புக் கேபிளையும் கழற்ற வேண்டும். அதை இடி தொடங்குமுன்பே செய்துவிடுங்கள்.

2022இன் மின்வெட்டை மறந்திருக்க மாட்டோம். பைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் பொருத்தமான சிறிய யூபிஎஸ் ஒன்று இருந்தால் சில மணி நேரம் சமாளிக்கலாம். அதற்கு நடு இடத்தில் ஒரு பிளக் பொயின்ற் கூடுதலாக வையுங்கள்.

பூசுவதற்கு முதல் நாள்

ஒவ்வொரு கேபிளையும் ரெஸ்ரர் வைத்துச் சோதியுங்கள். இரு முனையிலும் ஒரே இலக்கத்தை எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா தெரியும்படி படம் எடுங்கள். நாளை ஆணி அடிப்பவருக்கு அந்தப் படம்தான் வழிகாட்டி.

அதே நாளில் இன்னொன்றும் செய்யுங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், காணாமல் போனவரின் படம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஒரு பிரதியை வீட்டிலும், இன்னொன்றை வெளிநாட்டு உறவினரிடமும் வையுங்கள். இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் கடதாசிகளைத்தான் முதலில் தேடினோம். இப்போது அம்மாவின் அறைக்குக் கேபிள் போய்விட்டது. அண்ணனின் முகம் நிற்பதில்லை. அப்பாவின் ஒரேயொரு படம் கனடாவிலும் இருக்கிறது.