நூதனசாலையும் யாழ்ப்பாணமும்

பழம்பொருள்களைச் சேர்த்துவைக்கும் இடத்துக்கு இலங்கைத் தமிழர் வழங்கும் பெயர் நூதனசாலை. நூதனம் என்றாற் புதுமை. பழமை குடியிருக்கும் வீட்டுக்குப் புதுமையின் பெயரா என்று வியப்பார் வியக்கலாம். ஆயினும், 1877ஆம் ஆண்டிலே தேசாதிபதி வில்லியம் கிரெகரி கொழும்பு நூதனசாலையைத் திறந்துவைத்த காலத்தில் அத்தகைய வீடு இந்நாட்டு மக்களுக்குப் புதியதே. பின்னாளிற் பொலன்னறுவைச் சிவாலயங்களிற் கண்டெடுக்கப்பட்ட நடராசர் முதலிய செப்புத் திருமேனிகள் அங்கே கலைப்பொருள்களாயின.

ஐரோப்பாவில் நிகழ்ந்தது வேறு. அரசர் தமக்கென வைத்திருந்த ஓவியங்களை, புரட்சியின் பின்னர், 1793இல், பாரிசு நகரத்து லூவர் மாளிகை குடிமக்களுக்குத் திறந்து காட்டிற்று. அரசன் சொத்து ஊர்ச்சொத்தாயிற்று. அடிமைப்பட்ட நாடுகளிலோ ஊர்ச்சொத்து ஆள்வோர் கையிற் சேர்ந்தது. வல்லிபுரத்திலே கிடைத்த புத்தர் சிலையொன்று யாழ்ப்பாணத்துப் பழைய பூங்காவில் இருந்தது. அதனை 1906இல் தேசாதிபதி பிளேக் சீயத்து அரசருக்குப் பரிசாக அளித்துவிட்டார். வல்லிபுரத்து மணலுக்கு அச்சிலை ஒரு சாட்சி. சீயத்திலோ அது பத்தோடு பதினொன்று.

கந்தரோடையில் 1917 முதலாக ஆராய்ந்த நீதிபதி போல் பீரிஸ், கண்டவற்றை எழுதியும் வைத்தார். அதுவே பெருநன்மை. எம்மண்ணில், எவ்வாழத்தில், எதனோடு கிடந்தது என்னும் குறிப்பில்லையேற் பழங்காசும் வெறுஞ் செம்பே. 1980இல் ஆனைக்கோட்டையிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையொன்று வெளிப்பட்டது. பெருங்கற்காலத்து ஈமக்குழியொன்றிற் கிடைத்தமையாலன்றோ அச்சிறு முத்திரை அத்துணைப் பெருமை பெற்றது!

பின்னர் வந்தவை அழிவின் ஆண்டுகள். 1981இற் பொதுநூலகம் எரிந்தது. போரிலே கோட்டை சிதைந்தது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டு வெளியேறினர். காணியுறுதியும் கலியாணப் படமும் பேரனாரின் மூக்குக்கண்ணாடியும் அரும்பொருளாகும் காலமும் வந்தது.

மீளக் கட்டப்பட்ட அந்நூலகத்திலேயே 2004இல் ஓவியர் தா. சனாதனன், யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து பெற்ற பொருள்களைக் காட்சியாக வைத்தார். அரசரிடமிருந்தோ அகழிகளிலிருந்தோ வந்தவையல்ல அவை. வீட்டுக்காரர் தாமே எடுத்துக் கொடுத்தவை. 2020 தைமாதத்தில், ஆறு. திருமுருகனின் முயற்சியால், நாவற்குழியிலே சிவபூமி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய வீட்டுப் பாவனைப் பொருள்கள் அங்கும் உண்டு. இத்தகைய பொருளொன்றின் முன்னே நின்று, இது எங்கள் வீட்டில் இன்ன மூலையில் இருந்தது, இன்னதற்குப் பயன்பட்டது என்று முதியவரொருவர் பேரப்பிள்ளைக்குச் சொல்லுவாராயின், அதுவும் பீரிஸ் எழுதிய குறிப்புப் போன்றதே. பேரப்பிள்ளை கையில் ஓர் எழுதுகோல் இருந்தாற் போதும்.