சாய்நாத், பாலகும்மி

பாலகும்மி சாய்நாத் (பி. 1957, சென்னை) இந்தியக் கிராம மக்களின் அன்றாட வாழ்வையே தம் பணிக்களமாகக் கொண்ட இதழாளர். சென்னை லயோலா கல்லூரியில் படித்தபின், டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றார். 1980இல் யுஎன்ஐ செய்தி நிறுவனத்தில் சேர்ந்தார். பிறகு மும்பையில் 'பிளிட்ஸ்' வார இதழின் துணை ஆசிரியராக இருந்தார்.

அவர் பெயரை நிலைநிறுத்தியது 1993இல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' வழங்கிய நல்கை. ஐந்து மாநிலங்களின் மிக வறிய மாவட்டங்களுக்குப் போய், பேருந்திலும் நடையிலுமாக அலைந்து, மாதக்கணக்கில் அங்கேயே தங்கி எழுதினார். பஞ்சம், பட்டினிச் சாவு என்று ஏதாவது நடந்தால்தான் நிருபர்கள் கிராமத்துக்குப் போவார்கள். ஒன்றும் நடக்காத நாள்களில் வறுமை எப்படி இயங்குகிறது என்பதே சாய்நாத்தின் கேள்வி. ராமநாதபுரத்தில் மிளகாய் விவசாயி தரகரிடம் சிக்கிக் கிடப்பதையும், பனையேறி ஒருவர் ஒரே நாளில் ஏறி இறங்கும் உயரம் 5,000 அடியைத் தாண்டுவதையும் அவர் பதிவுசெய்தது அப்படித்தான். புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது பெண்கள் கூட்டங்கூட்டமாகச் சைக்கிள் பழகியதைப் பற்றிய கட்டுரை, பின்னாளில் வடநாட்டுப் பள்ளிகளின் இந்திப் பாடநூலிலும் இடம்பெற்றது. இக்கட்டுரைகளின் தொகுப்பான 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' 1996இல் வெளிவந்தது. வறட்சி நிவாரணப் பணம் யாருக்கெல்லாம் விளைச்சலாகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன இந்திய நூல் வேறு இல்லை எனலாம்.

2004 முதல் 2014 வரை 'தி இந்து' நாளிதழின் ஊரக விவகார ஆசிரியராக இருந்தார். மகாராஷ்டிரத்தின் விதர்பா பகுதியில் பருத்தி விவசாயிகளின் தற்கொலைகளை வீடுவீடாகச் சென்று எழுதிய காலம் இது. மும்பையில் பருத்தி ஆடைகளை முன்னிறுத்திய ஆடை அலங்கார விழாவுக்கு 512 நிருபர்கள் திரண்டபோது, அப்பருத்தியை விளைவித்தவர்கள் மடிந்த விதர்பாவில் வெளியூர் நிருபர்கள் ஆறு பேர்தான் இருந்தனர் என்று அவர் சுட்டிக்காட்டினார். இதழியல் வகுப்புகளில் இன்றும் சொல்லப்பட வேண்டிய கணக்கு இது. 2007இல் ராமன் மகசேசே விருது பெற்றார்.

2014 டிசம்பரில் 'பாரி' என்ற இணையக் களஞ்சியத்தைத் தொடங்கினார். நெசவு, மீன்பிடிப்பு, மேய்ச்சல், கூத்து, நாட்டுப்பாடல் என ஊரக வாழ்வின் எல்லாத் துறைகளும் அதில் எழுத்தாகவும் ஒளிப்படமாகவும் காணொளியாகவும் சேர்க்கப்படுகின்றன. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அதைக் கட்டணமின்றி வாசிக்கலாம். 2021இல் ஜப்பானின் ஃபுகுவோகா பெரும்பரிசு அவருக்குக் கிடைத்தது. மறுஆண்டு வெளியான 'தி லாஸ்ட் ஹீரோஸ்', பலரும் அறியாத விடுதலைப் போராளிகளை அவர்கள் வாழ்ந்தபோதே நேரில் கண்டு எழுதிய நூல். தமிழகப் பொதுவுடைமைத் தலைவர்கள் என். சங்கரய்யாவும் ஆர். நல்லகண்ணுவும் அதில் இடம்பெற்றுள்ளனர்.