சொற்களும் மூளைப் படிமமும்: 1988 ஆய்வு

மொழி மூளையின் எப்பகுதியில் இயங்குகிறது என்ற கேள்விக்கு, நூறாண்டுகளுக்கும் மேலாக நோயுற்றோரின் மூளையே விடை தந்து வந்தது. 1861-இல் பாரிசில் பால் புரோக்கா, "டான்" என்பதைத் தவிர ஏறத்தாழ எதுவும் பேச இயலாதிருந்த ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடது முன்மடலில் சிதைவைக் கண்டார். 1874-இல் கார்ல் வெர்னிக், பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனை இடது பொட்டு மடலோடு இணைத்தார். சிதைந்த மூளையைக் கொண்டு நலமான மூளையை ஊகிக்க வேண்டியிருந்ததே இம்முறையின் குறை.

1988-இல் செயின்ட் லூயிஸ் வாசிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர்சன், பாக்ஸ், போஸ்னர், மின்டன், ரெய்க்கிள் ஆகியோர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இந்நிலையை மாற்றியது. ஆக்சிசன்-15 கலந்த நீர் ஆய்வுக்கு உட்பட்டோரின் சிரையில் செலுத்தப்பட்டது. இதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 2 நிமிடமே. ஆதலால் ஒரே அமர்வில் ஒருவருக்குப் பல பெட் படிமங்கள் எடுக்க முடிந்தது. குருதி ஓட்டம் மிகுந்த இடமே மிகுதியாகச் செயற்படும் இடம் எனக் கொள்ளப்பட்டது.

பணிகள் படிப்படியாகக் கூட்டப்பட்டன. முதலில் திரையிலுள்ள புள்ளியைப் பார்ப்பது; அடுத்து சொல்லைப் பார்ப்பது அல்லது கேட்பது; பின் அதை உரக்கச் சொல்வது; இறுதியில் அதற்குப் பொருந்தும் வினைச்சொல்லைக் கூறுவது. அதாவது 'கேக்' என்றால் 'தின்' என்று சொல்ல வேண்டும். ஒரு படியின் படிமத்திலிருந்து முந்தைய படியின் படிமம் கழிக்கப்பட்டது. 1868-இல் டச்சு அறிஞர் டான்டர்சு மறுவினை நேரத்தை அளக்கக் கையாண்ட அதே கழித்தல் உத்திதான் இது.

பார்த்த சொல் பிடரி மடலையும், கேட்ட சொல் பொட்டு மடலையும் தூண்டின. வினைச்சொல் தேடுகையில் இடது முன்மடலின் கீழ்ப்பகுதி செயற்பட்டது; உடலசைவுக்கே உரியதாகக் கருதப்பட்ட சிறுமூளையின் வலப்பக்கமும் சேர்ந்து செயற்பட்டது வியப்பளித்தது. அதைவிட முக்கியமானது, காணாமற்போன ஒன்று. படித்த சொல் முதலில் ஒலியாக மாறிய பின்னரே பொருள் தரும் என்பது அன்றைய பாடநூல் கருத்து. ஆனால் சொற்களைக் கண்ணால் மட்டும் பார்த்தபோது வெர்னிக் பகுதியில் செயற்பாடு தென்படவில்லை.

கழித்தல் முறையின் அடிப்படை விவாதத்துக்குரியதாகவே இருந்தது. புதிய படி ஒன்று சேரும்போது பழைய படிகள் மாறாதிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. 1994-இல் ரெய்க்கிள் குழுவே, ஒரே சொற்பட்டியலைப் பலமுறை பயின்றபின் இடது முன்மடலின் செயற்பாடு குறைவதைக் காட்டியது.

இதற்கிடையே 1990-இல் செய்ச்சி ஒகாவா, குருதியின் ஆக்சிசன் அளவையே காந்தப் படிமத்தில் குறியாகக் காணலாம் எனக் காட்டினார். கதிரியக்கப் பொருள் தேவைப்படாத எப்.எம்.ஆர்.ஐ. இதிலிருந்தே வளர்ந்தது. அதைக்கொண்டு 1997-இல் தாம்சன்-சில் குழுவினர் வினைச்சொல் சோதனையை மீண்டும் எடுத்துக்கொண்டனர். 'கத்தரிக்கோல்' போல ஒரே விடை முந்திவரும் சொற்களைவிட, பல விடைகள் போட்டியிடும் சொற்களுக்கே இடது முன்மடல் மிகுதியாகச் செயற்பட்டது. அப்பகுதியின் வேலை பொருளைத் தேடுவதன்று, வந்து நிற்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே என்று அவர்கள் வாதிட்டனர்.