புதுக்கடைக்கு ஒரு தோம்பு

போத்துக்கேயர் வசமிருந்த கொழும்பை முற்றுகையிட்ட ஒல்லாந்தப் படையை நடத்திவந்து, 1656 ஏப்ரல் 10ஆம் திகதி உயிர்நீத்து, அடுத்த மாதமே அந்நகர் தன் படையிடம் சரணடைந்ததைக் காணக் கொடுத்துவைக்காத தளபதி ஜெரார்ட் ஹல்ஃப்டின் பெயரால் ஹல்ஸ்டொர்ப் என்று வழங்கும் மேட்டையே நம்மவர் புதுக்கடை என்கின்றனர். அங்கே போகிறேன் என்று ஒருவர் சொன்னால், வழக்கு விஷயமாகத்தான் போகிறார் என்பது கொழும்பில் யாருக்கும் விளங்கும்.

வெண்தூண்கள் தாங்கும் பழைய நீதிமன்றங்களும், 1980களில் சீன உதவியுடன் எழுந்த உயர் நீதிமன்றத் தொகுதியும், சட்டக் கல்லூரியும் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுகின்றன. ஆயினும் அம்மேட்டின் ஜீவன் அவற்றைச் சூழ்ந்த தெருக்களிலுள்ள ஓட்டுக்கூரை வீடுகளிலேயே குடிகொண்டிருக்கிறது. தெருவை ஒட்டிய தாழ்வாரம், சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர்ப்பலகைகள், உள்ளே நாடாவால் கட்டிய வழக்குக்கட்டுகள், நொத்தாரிசு எழுதிய உறுதிகளின் பிரதிகள், வாங்கிலே முறைக்காகக் காத்திருக்கும் கட்சிக்காரர் என, வீடாக இருந்தது தொழிலுக்கேற்ப மெல்ல உருமாறிய ஒரு கட்டிட வகையே அங்கு உண்டாகியிருக்கிறது. அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற இரு வகுப்பாரும் 1974 ஜனவரி முதல் சட்டத்தரணி என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிட்ட பின்னரும், அவ்வீடுகள் தம் காரியத்தை விடவில்லை.

இவற்றைக் காக்க நம் சட்டத்தில் வழி குறுகலாகவே இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாக வைத்தே புராதனச் சின்னத்தை வரையறுக்கிறது. பிற்பட்டவற்றைக் காக்க வேண்டுமாயின், இன்ன கட்டிடமென்று குறித்து வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். 1757இல் நேர்ந்தளிக்கப்பட்ட வொல்வெண்டால் தேவாலயம் போன்ற பெருங்கட்டிடத்துக்கு, தனிக் கட்டிடத்தையே எடுத்துக்கொள்ளும் இச்சட்டம் பொருந்தும். நீதிமன்றத்தோடு சேர்த்தெண்ணினாலன்றிப் பொருள்படாத ஒரு தாழ்வாரத்துக்கு அது பொருந்துமா? கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லால் புதுக்கிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த வழக்கறிஞர் என்ற தொழிற்சம்பந்தமும், கோயிலைத் தனியே பதிபவர் ஏட்டில் ஏற இடமில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வளர்ந்த தேசியப் பதிவேட்டில் வேறொரு கிரமம் உண்டு. ஒரு தொழிலின் அல்லது ஊரின் சரித்திரத்தை ஒரே முறை விரிவாக எழுதி, அதனால் உண்டான கட்டிட வகைகளை விவரித்து, இன்ன அங்கங்கள் அழியாதிருந்தால் தகுதியுண்டு என்று வரையறுத்துவிட்டால், பின்னர் ஒவ்வொரு கட்டிடமும் சிறு குறிப்புடன் அத்தொகுதியில் சேரலாம்.

இது நமக்கு முற்றிலும் அந்நியமான முறையன்று. வரியும் ஊழியமும் பெறுவதையே நோக்கமாகக் கொண்டிருந்தாலும், ஒல்லாந்தர் எழுதிவைத்த தோம்புகள் எனும் பதிவேடுகளில் குடும்பங்களுக்கென ஓர் ஏடும் காணிகளுக்கென மற்றோர் ஏடும் இருந்தன. ஏடு இரண்டாயினும், ஆளையும் நிலத்தையும் அவை பிரித்துப் பார்க்கவில்லை.

அத்தகைய தோம்பொன்றைப் புதுக்கடைக்கு இன்று எழுதப் புகுவோர், ஏறத்தாழ ஐந்தடிக் கனமுள்ள சுவர்களோடு நிற்கும் வொல்வெண்டாலைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். ஒரு விற்பனை உறுதியிலே கைமாறி ஒரு மாதத்திலே இடிபடக்கூடிய தாழ்வார வீடுகளையே, அவற்றின் உறுதிகளோடும் பெயர்ப்பலகைகளோடும், முதலில் பதிய வேண்டும்.