தந்தையும் மகனும் செய்த கிற்றார்

இசைக்கருவிகளின் வரலாற்றை எடுத்துரைப்போர் பெரும்பாலும் பெயர்பெற்ற கம்மியர்களையும் பெரிய தொழிற்சாலைகளையுமே குறிப்பிடுவர். மின்சாரக் கிற்றாரின் வரலாறோ அத்தகையதன்று. அது வீட்டு மேசையொன்றின் மீது தொடங்கியது. அதன் பின்னரும் வீட்டு மேசைகளிலே பலமுறை புதிதாகப் பிறந்துள்ளது.

அமெரிக்காவிலே ஜோர்ஜ் பீச்சம் என்பவர் ஹவாயன் கிற்றார் வாசிப்பவராயிருந்தார். ஏனைய வாத்தியங்களின் முழக்கத்திலே கிற்றாரின் மெல்லோசை அமிழ்ந்துபோவது அவருக்குப் பெருங்குறையாய் இருந்தது. மின்னியலைக் கற்க அவர் இரவு வகுப்புகளுக்குச் சென்றார். துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டரைக் கழற்றி, அதனைக் கொண்டு செப்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றினார். இரண்டு இலாடக் காந்தங்களுக்கு நடுவே அச்சுருளை அமைத்தார். 1931ஆம் ஆண்டில் உருவான அக்கருவி, அதன் வடிவங் காரணமாக 'பொரிக்கும் சட்டி' என்றே அழைக்கப்பட்டது. அதற்குரிய காப்புரிமை 1937இற் கிடைத்தது.

இச்சுருளையே 'பிக்கப்' என்பர். அது தொழிற்படும் விதம் எளிமையானது. காந்தத்தின் மீது, தலைமயிரினும் நுண்ணிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்படும். அதன் மேலே உருக்குத் தந்தி அதிரும்பொழுது காந்தப்புலம் அசைகின்றது. அவ்வசைவு சுருளிலே மெல்லிய மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கின்றது. இலண்டனிலே மைக்கல் ஃபரடே 1831ஆம் ஆண்டிற் கண்டறிந்த உண்மையே இதன் அடிப்படை. பெருக்கியும் ஒலிபெருக்கியும் அம்மின்னோட்டத்தைப் பேரோசையாக்குகின்றன.

கம்பியும் காந்தமும் பொறுமையும் உள்ள எவரும் முயன்று பார்க்கக்கூடிய வேலை இது. அவ்வாறு முயன்றோருள் இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு தந்தையும் மகனும் தனியிடம் பெறுகின்றனர்.

1963ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம். இலண்டனின் மேற்கேயுள்ள ஃபெல்தம் என்னும் ஊரிலே, பிறையன் மே என்னும் 16 வயது மாணவன் மின்சாரக் கிற்றார் ஒன்றின் மீது பேராவல் கொண்டிருந்தான். கடையிலிருந்த கிற்றாரின் விலையோ அக்குடும்பத்தின் வருவாய்க்கு எட்டாதது. தந்தையாரான ஹரல்ட் மே மின்னியல் வல்லவர். அரசாங்க வேலையிலே வரைபடக் கலைஞராய் இருந்தவர். வீட்டின் தொலைக்காட்சிப் பெட்டியையும் தம் கையாலேயே செய்தவர். "வாங்க இயலாது" என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. செய்துவிடலாம் என்று மகனுடன் வேலையில் இறங்கினார்.

வீட்டிலே ஒதுக்கமாயிருந்த அறை பட்டறையாயிற்று. நூறாண்டு கடந்த கணப்படுப்பொன்றின் மேற்சட்டமாய் இருந்த மகோகனி மரம் கிற்றாரின் கழுத்தாயிற்று. அம்மரத்திலே புழு துளைத்த துவாரங்கள் தீக்குச்சிகளால் அடைக்கப்பட்டன. உடற்பகுதிக்குப் பழைய மேசையொன்றின் ஓக் மரம் உதவியது. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வால்வுச் சுருள்வில் இரண்டும் பழைய கத்தியொன்றின் உருக்கும், சுருதியை அசைத்து நடுங்கவைக்கும் பொறிக்குப் பயன்பட்டன. அன்னையாரின் தையற் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் விரற்பலகையிற் புள்ளிகளாயின. அவருடைய பின்னலூசியின் முனை நடுக்கப் பொறியின் கைபிடிக்கு நுனியாயிற்று. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வேலை நடைபெற்றது.

இவ்வேலையிலே ஒரு தோல்வியும் நேர்ந்தது. மகன் பொத்தான் வடிவான காந்தங்களை வாங்கி, தானே கம்பி சுற்றிப் பிக்கப்புகளைச் செய்தான். அவை இனிய நாதம் தந்தன. ஆயினும், விரலினால் தந்தியைப் பக்கமாகத் தள்ளி வளைத்து வாசித்தபொழுது வேண்டாத இரைச்சலும் உடனெழுந்தது. காந்த முனைகளை அமைத்த முறையே அதற்குக் காரணம். பல மாத உழைப்பெனினும் குறையைக் குறையென்றே அவர்கள் ஏற்றுக்கொண்டனர். அவற்றை நீக்கிவிட்டு, பேர்ண்ஸ் என்னும் கம்பனியின் பிக்கப் மூன்றை விலைக்கு வாங்கினர். வாங்கியவற்றையும் அப்படியே விட்டுவிடவில்லை. சுருள்கள் அதிர்ந்து ஊளையிடாதவாறு அவற்றினுள்ளே பசையை நிரப்பி இறுக்கினர். கைத்தொழிலின் நேர்மை இத்தகைய இடங்களிலேயே வெளிப்படுகின்றது.

கிற்றார் தந்தையையும் மகனையும் ஒன்றுசேர்த்தது. பின்னர் அதுவே அவர்களைப் பிரித்தும் வைத்தது. பிறையன் மே இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலே வானியல் ஆராய்ச்சி மாணவரானார். 1970இல் உருவான 'குயீன்' இசைக்குழுவிற்காக அவ்வாராய்ச்சியைக் கைவிட்டார். அரும்பாடுபட்டுப் படிக்கவைத்த தந்தையாருக்கு இது பொறுக்கவில்லை. இருவருக்குமிடையே நெடுநாள் பேச்சே இல்லாதிருந்தது. மகன் எந்தக் கருவியை ஏந்திப் புறப்பட்டாரோ, அக்கருவியின் ஒவ்வோர் இணைப்பிலும் தந்தையின் கை பதிந்திருந்தது என்பதை எண்ணும்பொழுது அம்மனத்தாங்கலின் ஆழம் விளங்கும்.

காலம் அதனை ஆற்றியது. கொன்கோட் விமானத்தின் கருவி வேலைகளிலே பங்குகொண்டிருந்தும் அவ்விமானத்தில் ஒருநாளும் ஏறாதிருந்த தந்தையாரை, மகன் அதே விமானத்தில் நியூயோர்க் நகருக்கு அழைத்துச் சென்றார். மடிசன் சதுக்க அரங்கிலே திரண்டிருந்த மக்கள் முன்னிலையில், தம் வீட்டு அறையிலே பிறந்த கருவியின் நாதத்தைத் தந்தையார் கேட்டார். அன்று மகனுடைய கையைப் பற்றி, தமக்கு இப்பொழுது விளங்குகின்றது என்று ஒப்புக்கொண்டார். பின்னாளில் அவர் காலமானார்.

2002ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, எலிசபெத் அரசியாரின் பொன்விழாவின்போது, பக்கிங்காம் அரண்மனையின் கூரைமீது நின்று பிறையன் மே தேசிய கீதத்தை வாசித்ததும் அதே கிற்றாரிலேதான். கைவிட்ட ஆராய்ச்சியையும் அவர் மீண்டும் எடுத்து நிறைவுசெய்து, 2007இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். தந்தையார் விரும்பிய கல்வியும் மகன் விரும்பிய இசையும் ஈற்றில் ஒருவரிடமே நிறைந்தன.

பொழுதுபோக்கு என்று நாம் இலேசாகச் சொல்லிவிடுகிறோம். ஆயின், ஒரு தந்தை தம் பிள்ளையுடன் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே கம்பியைச் சுற்றிக் கழிக்கும் பொழுது ஒருநாளும் வீண்போவதில்லை. சொல்லாற் பேசாத நாட்களிலும் அவ்வேலையின் நாதம் இருவர் செவியிலும் ஒலித்துக்கொண்டேயிருக்கும்.