எரிந்த வீட்டுக்கு வாடகை!

1666-ம் வருடம், செப்டம்பர் 2. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஒரு மணி இருக்கும். லண்டன் நகரில் புட்டிங் லேன் என்கிற குறுகலான சந்து. அங்கே பேக்கரி வைத்திருந்த தாமஸ் ஃபாரினரின் வீட்டுக்குள் திடீரென்று புகை! தூக்கத்திலிருந்து அலறி எழுந்த குடும்பம், மாடி ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குத் தாவித் தப்பியது. வேலைக்காரப் பெண் மட்டும் தாவப் பயந்து உள்ளேயே நின்றுவிட்டாள். அந்தத் தீயின் முதல் பலி அவள்தான்.

தகவல் போய், மேயர் சர் தாமஸ் பிளட்வொர்த் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். தீயைப் பார்த்தார். 'ஒரு பொம்பளை ஒண்ணுக்குப் போனாலே அணைஞ்சுடும்' என்கிற அர்த்தத்தில் ஏதோ சொல்லிவிட்டு, திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார் என்று சொல்கிறார்கள்!

அடுத்த நான்கு நாட்களில் எரிந்து சாம்பலானது 13,200 வீடுகள். கூடவே 87 தேவாலயங்கள். பிரமாண்டமான செயின்ட் பால் பேராலயமும் தப்பவில்லை. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள்.

மேயரை முட்டாள் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால், அவர் தயங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் தீ பரவாமல் தடுக்க ஒரே வழி, அது போகிற பாதையில் இருக்கும் வீடுகளை இடித்துத் தள்ளுவதுதான். இடித்துவிடலாம்... ஆனால், இடித்த வீட்டுக்கு யார் பணம் தருவது? சொந்தக்காரர் நாளைக்கு வந்து சட்டையைப் பிடித்தால்? இந்தக் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் தீ தேம்ஸ் நதிக்கரை கிடங்குகளுக்குப் போய்விட்டது. அங்கே இருந்ததோ எண்ணெயும் தாரும்! கடைசியில், கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பெப்பிஸ் அரண்மனைக்கு ஓடிப் போய் விஷயத்தைச் சொல்ல, மன்னர் இரண்டாம் சார்லஸே இடிக்கச் சொல்லி உத்தரவு போட்டார். (இந்த பெப்பிஸ் தீ நெருங்கியபோது தன் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டி ஒயினையும், பார்மிசான் சீஸையும் புதைத்து வைத்தார். எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு!)

தீயின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். எனக்கு அதைவிடச் சுவாரஸ்யமாகப் படுவது, தீ அணைந்த பிறகு நடந்த கதை. வீடு கட்டுகிறவர்கள், வாங்குகிறவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

முதலில், வாடகைக்காரர்கள். அன்றைய லண்டனில் பெரும்பாலான வீடுகள் நீண்டகாலக் குத்தகையில் இருந்தவை. நிலத்துக்கு ஒரு சொந்தக்காரர். அவரிடம் குத்தகை எடுத்தவர் ஒருவர். அவரிடமிருந்து உள்குத்தகை எடுத்துக் குடியிருப்பவர் இன்னொருவர். வழக்கமான குத்தகைப் பத்திரத்தில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று, வீட்டைப் பழுது பார்த்து நல்லபடி வைத்திருக்க வேண்டியது குடியிருப்பவர் பொறுப்பு. இரண்டு, குத்தகைக் காலம் முடிகிறவரை வாடகை தந்தாக வேண்டும். கையெழுத்துப் போட்டபோது யாருக்கும் இது பெரிதாகத் தெரியவில்லை. வீடு எரிந்த பிறகுதான் அர்த்தம் புரிந்தது. எரிந்த வீட்டை அவரே சொந்தக் காசில் மறுபடி கட்டித் தர வேண்டும். கட்டி முடிக்கிறவரை, இல்லாத வீட்டுக்கு வாடகையும் தர வேண்டும்!

சாதாரண நீதிமன்றத்துக்குப் போனால் பத்திரத்தில் உள்ளபடிதான் தீர்ப்பு வரும். வாடகைக்காரர் திவாலாவார். அவர் திவாலானால் வீடு எழும்பாது. வீடு எழும்பாவிட்டால் நிலச் சொந்தக்காரருக்கும் பைசா வராது. ஆக, சட்டப்படி நடந்தால் எல்லாருக்கும் நஷ்டம்!

நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது. 1667 பிப்ரவரியில் 'தீ நீதிமன்றம்' என்று தனியாக ஒன்றை உருவாக்கினார்கள். கிளிஃபோர்ட்ஸ் இன் என்ற இடத்தில் நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். பத்திரத்தில் எழுதியிருப்பதை அப்படியே பின்பற்ற வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. நியாயம் எது என்று பார்த்துத் தீர்ப்பு சொல்லலாம். நீதிபதிகள் இதற்குச் சம்பளம் வாங்கவில்லை. அவர்கள் எழுப்பிய கேள்வி எளிமையானது: 'உங்கள் இரண்டு பேரில் யாரால் கட்ட முடியும்?' குடியிருப்பவர் கட்டுகிறேன் என்றால், அவருடைய குத்தகைக் காலத்தைப் பல வருடங்கள் நீட்டித்தார்கள், வாடகையைக் குறைத்தார்கள். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தீர்ந்தன. நன்றிக்கடனாக லண்டன் மாநகராட்சி அந்த நீதிபதிகள் 22 பேரையும் ஓவியமாக வரைந்து தன் மாளிகையில் மாட்டி வைத்தது!

அதே பிப்ரவரியில் வந்த இன்னொரு சட்டம், எப்படிக் கட்ட வேண்டும் என்று சொன்னது.

மர வீடு ஆபத்து என்பது லண்டன்காரர்களுக்குத் தெரியாத விஷயமல்ல. செங்கல்லில் கட்டுங்கள் என்று முந்தைய மன்னர்களும் உத்தரவு போட்டுப் பார்த்திருந்தார்கள். தீக்கு முந்தைய வருடம் இரண்டாம் சார்லஸே மேயரை எச்சரித்திருந்தார். யார் கேட்டார்கள்? மரம் மலிவு. அதோடு, மேல்மாடியைத் தெருவுக்குள் கொஞ்சம் நீட்டிக் கட்டினால் இலவசமாக இடம் கிடைக்கும். எதிர் வீட்டுக்காரரும் அதையே செய்தார். கடைசியில் இரண்டு வீட்டு மாடிகளும் நெருங்கி நின்றன. தீ ஒரு கூரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ அதுவே பாலம்!

புதிய சட்டம் இதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது. வெளிச்சுவர் செங்கல் அல்லது கல். மாடியை நீட்டக் கூடாது. வீடுகளை நான்கு ரகமாகப் பிரித்தார்கள். சந்துகளில் இரண்டு மாடி, முக்கியமான தெருக்களில் மூன்று, பெரிய ராஜ வீதிகளில் நான்கு, பெரிய மனிதர்களின் மாளிகைகள் தனி ரகம். ஒவ்வொன்றுக்கும் சுவரின் கனம் எத்தனை செங்கல், தளத்தின் உயரம் எத்தனை அடி என்று எழுதி வைத்தார்கள். மொட்டை மாடித் தண்ணீர் போகிறவர் தலையில் கொட்டாமல், குழாய் வைத்துக் கீழே இறக்க வேண்டும் என்றுகூட அதில் இருந்தது!

எனக்கு ரொம்பப் பிடித்தது பொதுச்சுவர் விதி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். யார் முதலில் கட்டுகிறாரோ அவர் முழுச் செலவையும் போடுவார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் கட்ட வரும்போது, பாதிச் செலவை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். வட்டி நூற்றுக்கு 6! 'அவன் முதல்ல கட்டட்டும், நாம ஓசியில ஒட்டிக்கலாம்' என்று காத்திருப்பதில் லாபமில்லாமல் செய்துவிட்டார்கள்.

ஆள் பற்றாக்குறைக்கும் வழி கண்டார்கள். அதுவரை, நகரத்துக்குள் தொழில் செய்யும் உரிமையைச் சங்கங்கள் தங்கள் கைக்குள் வைத்திருந்தன. வெளியூர்த் தச்சர்களும் கொத்தனார்களும் வந்து ஏழு வருடங்களுக்கு உள்ளூர்க்காரர்கள் போலவே வேலை செய்யலாம் என்று கதவைத் திறந்துவிட்டது சட்டம். பொதுச் செலவுக்கு நிலக்கரி மீது வரி.

சரி... எல்லை? எங்கே பார்த்தாலும் சாம்பல் மேடு. யார் மனை எங்கே முடிகிறது? கிறிஸ்டோபர் ரென் என்ற மேதை, சில நாட்களிலேயே அகலமான நேர்வீதிகளோடு ஒரு புது நகரத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தார். அழகான திட்டம். ஆனால், மக்கள் 'என் மனை எனக்கு வேண்டும்' என்று பிடிவாதமாக நின்றார்கள். திட்டம் காகிதத்தோடு போச்சு. பழைய தெருக்களே கொஞ்சம் அகலமாகித் திரும்ப வந்தன.

அந்தச் சாம்பலில் இறங்கி முளை அடித்து, நூல் பிடித்து எல்லை காட்டிய சர்வேயர்களில் ஒருவர், ராபர்ட் ஹூக். ஆமாம், பள்ளிக்கூடத்தில் ஸ்பிரிங் விதியைப் படித்தோமே, அதே ஹூக்தான்! அஸ்திவாரம் போட நினைப்பவர் 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். அது ஒரு பவுண்டில் மூன்றில் ஒரு பங்கு. சர்வேயர் வந்து அளந்து காட்டிய பிறகுதான் கடைக்கால் தோண்டலாம். ரோடு அகலப்படுத்தியதில் மனையின் ஒரு பகுதி போயிருந்தால், அதையும் அளந்து சான்றிதழ் தருவார். அதைக் காட்டி நஷ்டஈடு வாங்கிக்கொள்ளலாம். 1703-ல் ஹூக் இறந்தபோது அவர் அறையில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. உள்ளே ஆயிரக்கணக்கான பவுண்டுகள்!

சட்டம் போட்டாயிற்று, வீடுகள் எழும்பின. அடுத்து யார் வருவார்? சந்தேகமே வேண்டாம்... புரோமோட்டர்!

பெயர் நிக்கோலஸ் பார்பன். டாக்டருக்குப் படித்தவர். வைத்தியத்தைவிட மனை வியாபாரத்தில் காசு என்று கண்டுகொண்டார். பிரபுக்களின் பழைய மாளிகைகளை வாங்குவார், இடிப்பார், துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டட மேஸ்திரிகளுக்கு விற்பார். எதிர்ப்பவர்களைக் கூட்டம் போட்டு அழைப்பார். வேண்டுமென்றே தாமதமாக, ராஜசபைக்குப் போகிறவர் மாதிரி ஜொலிக்கும் உடையில் வந்து இறங்குவார் என்று அவரை நேரில் அறிந்த ரோஜர் நார்த் என்ற வழக்கறிஞர் எழுதியிருக்கிறார். 1684-ல் ரெட் லயன் சதுக்கத்தில் வேலை ஆரம்பித்தபோது, பக்கத்திலிருந்த கிரேஸ் இன் வழக்கறிஞர்கள் தடுக்க வந்தார்கள். பார்பனின் ஆட்களும் வழக்கறிஞர்களும் செங்கல் வீசிச் சண்டை போட்டார்கள்!

தரம்? மின்சிங் லேனில் அவர் கட்டிய நிலவறைகள் மொத்தமாகச் சரிந்து விழுந்தன. 1698-ல் இறந்தபோது அவர் எழுதி வைத்த உயில் இன்னும் விசேஷம். 'என் கடன் எதையும் அடைக்க வேண்டாம்!'

இதே பார்பன்தான் 1680-ல் வீடுகளுக்குத் தீ இன்ஷூரன்ஸ் தொடங்கினார் என்பது வரலாற்றின் குறும்பு. செங்கல் வீடு என்றால் வருட வாடகை மதிப்பில் இரண்டரை சதவிகிதம் பிரீமியம். மர வீடு என்றால் ஐந்து. வருடம் 20 பவுண்டு வாடகை பெறும் செங்கல் வீட்டுக்காரர் 10 ஷில்லிங் கட்டினால், மர வீட்டுக்காரர் ஒரு முழு பவுண்டு, அதாவது இரண்டு மடங்கு, கட்ட வேண்டும். மன்னர்கள் கத்திக் கத்திச் சொல்லியும் புரியாத விஷயம், பிரீமியம் ரசீதில் எல்லாருக்கும் புரிந்தது!

மூன்றரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்றைக்கு நம் ஊரில் ஃபிளாட் வாங்குகிறவர் டைல்ஸ் என்ன பிராண்ட் என்று கேட்கிறார். சுவரின் கனத்தைக் கேட்பவர் குறைவு. ரெரா சட்டத்தின் கீழ் வரும் கட்டடத்தில், சாவி வாங்கிய ஐந்து வருடங்களுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், கட்டியவர் சொந்தச் செலவில் சரிசெய்து தர வேண்டும். இது 2016-ல் வந்த உரிமை. எத்தனை பேர் அந்த ஐந்து வருடத்துக்குள் விரிசலைப் படமெடுத்து எழுத்தில் புகார் தருகிறார்கள்? இன்ஷூரன்ஸ் எடுக்கிறவர்களும் மனையின் விலையைச் சேர்த்துக் குழம்புகிறார்கள். தீ மனையை எரிக்காது. திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1882-ல் வந்த நம் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவு, லண்டன் வாடகைக்காரர்கள் பட்ட பாட்டிலிருந்து நம்மைக் கொஞ்சம் காப்பாற்றுகிறது. தீயிலோ வெள்ளத்திலோ வீடு இனி குடியிருக்கவே முடியாதபடி அழிந்துபோனால், அதற்கு நீங்கள் காரணமாக இல்லாத பட்சத்தில், குத்தகையை முடித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால், அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. 'மாறாக ஒப்பந்தம் ஏதும் இல்லாதபோது' மட்டும்தான் இது பொருந்தும்.

உங்கள் வாடகைப் பத்திரம் பீரோவில்தானே இருக்கிறது? இன்றைக்கு ராத்திரி ஒருமுறை எடுத்து, பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்கிற வரியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.